துறைமுகங்களில் மின்சாரத்தைப் பகிர்ந்துகொள்ளல்: ‘கூட்டுமின்’ என்ற சொல் குறித்து

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

துறைமுக வளாகத்தில் உள்ளவர்கள் புதுப்பிக்கத்தக்க ஆற்றலை உற்பத்தி செய்து தமக்குள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டை ‘மின்பகிர்மானம்’ எனலாம் என்று நம் குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். அதை ஏற்க எனக்குத் தயக்கமாக உள்ளது. மின் பகிர்மானக் கழகம் என்ற பெயரிலேயே நிலைத்துவிட்ட அச்சொல், துணைமின் நிலையத்திலிருந்து வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் மின்சாரத்தைக் கொண்டுசேர்க்கும் பணியைக் குறிக்கிறது. அங்கே கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் பலர்.

துறைமுகத்தின் நிலை வேறு. தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகம் சூரிய ஒளியிலிருந்தும் காற்றிலிருந்தும் தானே மின்சாரம் எடுக்கிறது. இத்தகைய துறைமுகத்தில், கிடங்குக்காரர் ஒருவர் தம் கூரையில் சோலார் தகடுகளைப் பதித்து, நண்பகலில் மிஞ்சும் மின்சாரத்தைப் பக்கத்து முனையத்தின் குளிர்பதனக் கண்டெய்னர்களுக்குத் தரலாம். கிரேன் சரக்கை இறக்கும்போது அதன் மோட்டாரே ஜெனரேட்டராக இயங்கித் திருப்பித் தரும் மின்சாரத்தை, அதே நேரத்தில் சரக்கை ஏற்றிக்கொண்டிருக்கும் அடுத்த கிரேன் எடுத்துக்கொள்ளலாம். பகலில் கொடுத்தவரே இரவில் பெறுபவராவார்.

இதற்குக் ‘கூட்டுமின்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிரயப் பத்திரங்களில், ‘கிணற்றிலும் மின் மோட்டாரிலும் சர்வீஸ் இணைப்பிலும் பொதுவில் 3-ல் 1 பாகம்’ என்ற வகையில் எழுதுவதுண்டு. கூட்டுக்கிணற்றில் பாகமும் உண்டு, இன்னார் இன்ன நேரத்தில் இறைக்கலாம் என்ற முறையும் உண்டு. தம் முறைத் தண்ணீரை அடுத்தவர் வயலுக்கு விட்டுக்கொடுப்பதும் உண்டு. பங்குரிமை, நேரக் கணக்கு, விட்டுக்கொடுத்தல் ஆகிய மூன்றும் துறைமுக ஏற்பாட்டுக்கும் இன்றியமையாதவை. மேலும், ‘கூட்டுமின் கணக்கு’, ‘கூட்டுமின் உறுப்பினர்’ என்று பிற சொற்களோடு அது இயல்பாகச் சேர்கிறது.

கிருஷ்ணகிரியிலிருந்து

*

அம்மா அவர்களுக்கு வணக்கம்.

‘பகிர்மானம்’ பொருந்தாது என்பதில் உடன்படுகிறேன். ஆனால் தருமபுரியில் ‘கூட்டு’ என்றதும் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம்தான். அங்கே நீர் ஓர் ஆற்றிலிருந்து பல ஊர்களுக்குச் செல்கிறதே தவிர, எந்த ஊரும் திருப்பித் தருவதில்லை. ஆகவே ஏற்பாட்டின் பெயராகக் ‘கூட்டுமின்’ இருக்கட்டும். உறுப்பினர்களிடையே நடக்கும் பரிமாற்றத்தை ‘மின் கொடுக்கல் வாங்கல்’ என்றே சொல்லலாம். கணக்கு எழுதுகிறவர் எவருக்கும் அது விளக்கமின்றிப் புரியும்.

தளத்தில் கட்டி நிற்கும் கப்பல், தன் டீசல் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கரையிலிருந்து பெறும் மின்சாரத்தை இதில் சேர்க்கக் கூடாது என்பது என் கருத்து. கப்பல் அங்கே பெறுவதோடு சரி. நம் மின்கட்டமைப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ், பல கப்பல்களில் 60 ஹெர்ட்ஸ் என்பதால், அதிர்வெண் மாற்றி வைத்துத் தனியாகவே வழங்க வேண்டியிருக்கிறது. அதற்குக் ‘கரைமின்’ போதும். ‘கூட்டுமின்’, ‘கரைமின்’ இரண்டையும் கலைச்சொல் பட்டியலில் தனித்தனி உள்ளீடுகளாகச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தருமபுரியிலிருந்து