துண்டு ஏன் அப்பளமாகிறது: பி பிளாக் வாட்ஸ்அப் குழு

சரஸ்வதி மாமி: குளித்துவிட்டுத் துடைத்தால் துண்டு அப்பளம் மாதிரி உடம்பைக் கீறுகிறது. மெட்ரோ வாட்டர் நின்று போர் தண்ணீருக்கு மாறினதிலிருந்துதான் இப்படி. யூடியூபில் வினிகர் ஊற்றச் சொல்கிறார்கள், ஊற்றலாமா?

கவிதா: தாராளமாக மாமி, ஆனால் சோப்புத் தூளோடு சேர்த்து வேண்டாம். தூள் காரம், இது அமிலம், ஒன்றை ஒன்று முறித்துவிடும், அழுக்கும் போகாது. கடைசி அலசலில் ஊற்றுங்கள். போர் தண்ணீரில் இருக்கிற கால்சியம், மெக்னீசியம் எல்லாம் சோப்போடு சேர்ந்து நூலில் படிந்துதான் விறைக்கிறது, அதைக் கொஞ்சம் கரைத்துவிடும்

ரமேஷ்: கோபி மஞ்சூரியனுக்கு வாங்கின பாட்டில் இருக்கிறது, அது போதுமா?

கவிதா: வெள்ளை வினிகர் என்றால் போதும் அண்ணா, கறுப்பு சோயா பாட்டிலை எடுத்துவிடாதீர்கள் 😄 அரை டம்ளருக்கு மேல் வேண்டாம். ஃப்ரண்ட் லோட் வாஷிங் மெஷின் என்றால், தூள் போடுகிற டிராயரில் பூப் படம் போட்ட சின்ன அறை இருக்கும், அதில் ஊற்றினால் மெஷினே கடைசியில் எடுத்துக்கொள்ளும்

சரஸ்வதி மாமி: மாமா சட்டை ஊறுகாய் ஜாடி மாதிரி நாறாதா?

கவிதா: காய்ந்ததும் வாடை போய்விடும்

நசீமா அக்கா: புதுச் சுங்குடியை நான் உப்பும் வினிகரும் போட்டுத்தான் ஊறவைப்பேன், சாயம் போகாது

கவிதா: அக்கா, பருத்திச் சாயத்தை வினிகர் பிடித்து வைக்காது. பட்டுக்கும் கம்பளிக்கும் ஏற்றுகிற சாயத்துக்கு அமிலம் தேவை, அதுவும் சாயம் ஏற்றும்போது. சுங்குடியை முதல் சில தடவை தனியாக, பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், அவ்வளவுதான்

ரமேஷ்: அப்போ யூனிஃபார்முக்கு பிளீச்சிங் பவுடரும் இதுவும் சேர்த்துப் போட்டால் பளிச்சென்று இருக்குமே

கவிதா: அண்ணா வேண்டவே வேண்டாம்!!! இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், நம் பாத்ரூம் மாதிரி ஜன்னல் சின்னதாக இருக்கிற இடத்தில் நெஞ்சை அடைக்கும். பிளீச் போட்ட பக்கெட்டில் மிச்சத் தண்ணீர் இருந்தால்கூட அதில் வினிகர் ஊற்றாதீர்கள்

ரமேஷ்: ஐயையோ சரி சரி

முருகேசன் சார்: ஒவ்வொரு லோடுக்கும் ஊற்றிக்கொண்டே இருந்தால் கதவு ரப்பர் சீக்கிரம் கெட்டுவிடும், மெஷின் புத்தகத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். எப்போதாவது, துண்டுக்கும் பெட்ஷீட்டுக்கும் மட்டும் போதும்

நசீமா அக்கா: மழைக்காலத்தில் உள்ளே காய்ந்த துணி அடிக்கிற முடை வாடைக்குக் கேட்குமா?

கவிதா: ஓரளவு குறையும் அக்கா. ஆனால் துவைத்த துணியை மெஷினிலேயே மணிக்கணக்காக விட்டால் ஒன்றும் செய்ய முடியாது, எடுத்த உடனே ஃபேனுக்கு அடியில் விரித்துவிடுங்கள்

சரஸ்வதி மாமி: ரமேஷ், உன் மஞ்சூரியன் பாட்டிலைப் பையனிடம் கொடுத்து அனுப்பு. லிஃப்ட் இன்னும் ஓடவில்லை, என் முழங்காலுக்கு மூன்று மாடி ஏற முடியாது