இம்ப்ளிசிட் மாடலிங்: ‘மறைமுக’ வேண்டாம், ‘உட்படு’ என்று வைக்கலாமா?

> ஜெம்பை (பூமிக்கடிப் பாறை அடுக்குகளை முப்பரிமாணத்தில் காட்டும் மென்பொருள்) கையேட்டில் இம்ப்ளிசிட் மாடலிங்கை ‘மறைமுக மாதிரியாக்கம்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானே அண்ணா?

வணக்கம் தம்பி,

அகராதிப்படி தப்பில்லை. ஆனால் ஈர்ப்பு, காந்தம், மின்தடை அளந்து பூமிக்குள் இருப்பதைக் கணிப்பதைத்தான் நிலவியலில் மறைமுக முறை என்கிறோம். ஜெம்பையில் நடப்பது அதுவல்ல.

நம் சேலத்துக் கஞ்சமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். மேக்னடைட் குவார்ட்சைட் (இரும்புத்தாதுப் பாறை) பட்டைகள் மலையைச் சுற்றி வளைந்து, உள்நோக்கிச் சாய்ந்து, கிண்ணம் போல மடிந்திருக்கின்றன. பழைய முறையில் குறுக்குவெட்டுகளை ஒவ்வொன்றாக வரைந்து, கோட்டோடு கோட்டைச் சேர்த்துப் பரப்பை உண்டாக்குவோம். ஜெம்பையில் பரப்பை யாரும் வரைவதில்லை. பட்டையின் அடி வெளியே தெரியும் இடங்களில் சில புள்ளிகள், அங்கங்கே அளந்த சாய்வு, சாய்திசை, இவ்வளவுதான் கொடுக்கிறோம். தெரிந்த இடங்களை வைத்துத் தெரியாத இடங்களைக் கணிக்கும் கோ-கிரிகிங் கணக்கு வெளி முழுக்க ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் போடுகிறது. பட்டையின் அடிக்குரிய எண் எங்கெல்லாம் வருகிறதோ, அந்த இடங்கள் சேர்ந்ததுதான் பாறை எல்லை. எல்லை அந்த எண்களைத் தரும் சார்புக்குள்ளேயே இருக்கிறது. புதிதாக ஓர் ஆழ்துளைத் தகவல் கிடைத்தால் சேர்த்து மறுபடி ஓட்டினால் போதும்.

இன்னொன்று, இதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள்: அந்தப் பட்டை மேலேயே காம்பஸை வைத்தால் மேக்னடைட் முள்ளை இழுத்துவிடும். தள்ளி நின்று குறிபார்த்தோ, சூரியனை வைத்தோ திசை எடுக்க வேண்டும். ஒரு சாய்திசை தப்பினாலும் அக்கம்பக்கத்துப் பரப்பெல்லாம் திருகிக்கொள்ளும்.

சரி, சொல்லுக்கு வருவோம். ஒரு மாறியைத் தனியே பிரிக்காமல், வட்டத்தின் சமன்பாட்டில் இருப்பதுபோல் இரண்டையும் சேர்த்தே வைத்தால் அதைப் பள்ளிக் கணக்கில் ‘உட்படு சார்பு’ என்று படிக்கிறார்கள். ஜெம்பை செய்வது அதே கணக்குதான், முப்பரிமாணத்தில். ஆகவே ‘உட்படு மாதிரியாக்கம்’. வரைந்து செய்வது ‘வெளிப்படு மாதிரியாக்கம்’. லூப்ஸ்ட்ரக்சரல் என்ற இதே வகை மென்பொருளுக்கும் இதுவே பொருந்தும்.

> ஆகவே ‘உட்படு மாதிரியாக்கம்’

உங்கள் இருவர் பேச்சில் நானும் நுழைகிறேன். எனக்குச் சம்மதம் அண்ணா. ஆனால் ‘உட்பட்ட மாதிரி’ என்று யாரும் மாற்றி எழுதிவிடாமல் பார்க்க வேண்டும், பொருளே வேறாகிவிடும். வெளி முழுக்கப் போடும் அந்த எண்களின் தொகுப்பான ஸ்கேலர் ஃபீல்டை ‘ஸ்கேலர் புலம்’ என்று சேர்த்தே எழுதுங்கள். வெறும் ‘புலம்’ என்றால் நம் மாணவர்கள் களப்பணி என்று எடுத்துக்கொள்வார்கள். ஒரே எண் வரும் இடங்கள் சேர்ந்த ஐசோசர்ஃபேஸுக்குச் ‘சமமதிப்புப் பரப்பு’ போதும், சமவுயரக் கோடு எல்லோருக்கும் பழக்கம்தானே.

அப்புறம் கையேடு எழுதும் தம்பி, இரண்டாம் பயிற்சிக்குச் சேலத்துச் சாக் ஹில்ஸ் மேக்னசைட் வேண்டாம். அங்கே மேக்னசைட் என்னும் வெள்ளைக்கல் நரம்புகள் டியூனைட் பாறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அடுக்கடுக்கான பாறைக்கு ஏற்ற இந்தக் கணக்கு அதற்கு ஒத்துவராது. கஞ்சமலைத் தரவையே முழுதாகச் செய்து முடியுங்கள்.