இந்த எட்சிங் ரெம்பிராண்டின் கைவேலைதானா?

கேள்வி

தாத்தாவின் புத்தகங்களுக்கு நடுவே, டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் தம்மைத் தாமே வரைந்த உருவப்படத்தின் பழைய எட்சிங் (செப்புத் தகட்டில் கோடுகளை அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சுப்படம்) ஒன்று கிடைத்தது. தட்டைத் தொப்பியுடன், திண்டின்மேல் கையை ஊன்றி நம்மைப் பார்க்கிறார்; லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள 1640ஆம் ஆண்டு ஓவியத்தோடு அது ஒத்துப்போகிறது. இடக்கீழ் மூலையில் ‘ரெம்பிராண்ட் பிங்க்ஸ்.’ என்றும், வலக்கீழ் மூலையில் தேய்ந்துபோன வேறொரு பெயரும் அதையடுத்து ‘ஸ்க்.’ என்றும் லத்தீன் எழுத்தில் உள்ளன. ஓவியரின் பெயரே இருப்பதால் இது அவர் கைப்பட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள். சரிதானா?

மறுமொழி 1

அந்தப் பெயர்தான் எதிர்ச்சாட்சி. ‘பிங்க்ஸ்.’ என்பது ‘பிங்க்ஸிட்’, அதாவது ‘தீட்டினார்’ என்பதன் சுருக்கம்; ‘ஸ்க்.’ என்பது ‘ஸ்கல்ப்ஸிட்’, அதாவது ‘செதுக்கினார்’ என்பதன் சுருக்கம். ஆகவே ஓவியம் ரெம்பிராண்டுடையது; செப்புத் தகட்டில் உழைத்தவர், பெயர் தேய்ந்துபோன அந்த மற்றவர். குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு: இதே தோரணையில், கல்திண்டில் சாய்ந்த தம் உருவத்தை 1639இல் ரெம்பிராண்டே எட்சிங்காகவும் செய்திருக்கிறார்.

மறுமொழி 2

எட்சிங்தானா என்பதையே முதலில் பாருங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஒழுங்கான புள்ளி வரிசைகள் தெரிந்தால், அது புகைப்பட முறையில் அச்சான படம். எட்சிங்கில், அமிலம் அரித்த பள்ளங்களில் தங்கிய மையை ஈரத்தாள் உறிஞ்சியெடுப்பதால், கோடுகள் தாளின்மேல் சற்றே புடைத்திருக்கும்; படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய தடமும் இருக்கும். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: கம்பி வரிகளே (தாள் வார்க்கும் சல்லடையின் கம்பிகள் பதித்த கோடுகள்) இல்லாத சீரான ஐரோப்பியத் தாளென்றால், 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தையதாக அது இருக்க முடியாது. ரெம்பிராண்ட் மறைந்தது 1669இல்.

கேள்வி கேட்டவர்

தடம் இருக்கிறது, புள்ளிகள் இல்லை. தாளில் கம்பி வரிகளும் இல்லை. ஆனால் முகம் ஓவியத்தில் திரும்பியிருக்கும் அதே பக்கம்தான் திரும்பியிருக்கிறது. அச்சில் படம் இடவலம் மாறிவிடும் என்கிறார்களே?

மறுமொழி 1

மாறும். அதனால்தான் நகல் செய்பவர்கள் மூலத்தைக் கண்ணாடியில் பார்த்துத் தகட்டில் இடவலம் மாற்றிக் கீறினார்கள். அச்சில் அது நேராகிவிடும். வண்ணமே இல்லாமல், கோட்டின் நெருக்கத்தை மட்டும் வைத்து வெல்வெட்டையும் தோலையும் வேறுபடுத்திக் காட்டிய அந்தக் கையை, நகல்காரர் என்று எளிதாக ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தாளில் பழுப்புப் புள்ளிகள் இருந்தால் நீங்களே துடைக்காமல், தாள் பாதுகாப்பு அறிந்தவரிடம் காட்டுங்கள். சட்டமிடும்போது அழுத்தத் தடத்தை ஒட்டி ஓரங்களை வெட்டிவிடவும் வேண்டாம்.