எதைப் பார்த்தாலும் மெல்லும் நாய்க்குட்டி: தோட்டத்தில் மூடாக்கு போடலாமா?

கொத்தமல்லி:
நாலு மாத லேப்ரடார் குட்டி. செருப்பு, நாற்காலிக் கால், தண்ணீர்க் குழாய் எதையும் விட்டுவைப்பதில்லை. செடிக்கு அடியில் மண் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது, களையும் தாங்க முடியவில்லை என்று மண்ணை மூடிவைக்கும் மூடாக்காக மரப்பட்டைச் சில்லு வாங்கி ஒரு பாத்தியில் பரப்பினேன், பரப்பி முடிப்பதற்குள் அவன் வாயில் ஒரு துண்டு. பிடுங்கினால் விளையாட்டு என்று நினைத்து அடுத்ததை எடுக்கிறான். இது விஷமா, இல்லை வெறும் தொல்லைதானா? கோகோ ஓடு (சாக்லேட் செய்யும் கோகோ விதையின் மேல்தோல்) போடு, வாசனையாக இருக்கும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். அது பரவாயில்லையா?

வாலாட்டி:
கோகோ ஓடு வேண்டவே வேண்டாம். சாக்லேட்டில் நாய்க்கு ஆகாத தியோப்ரோமின் அந்த ஓட்டிலும் இருக்கிறது, வாசனையும் சாக்லேட் வாசனை, அதனால் தேடிப்போய்த் தின்னும். நம் உடம்பு இதைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும். நாய்க்கு ரத்தத்தில் பாதியளவு குறையவே 17 மணி நேரம் போல ஆகும். கிலோ எடைக்கு 20 மில்லிகிராம் போனாலே வாந்தி, பேதி, நிலைகொள்ளாமை தொடங்கலாம், 60 தொட்டால் வலிப்பு வரை போகும். உங்கள் குட்டி 12 கிலோ என்று வையுங்கள், ஓட்டில் ஒரு சதவீதம் தியோப்ரோமின் இருந்தால் வாந்தி, பேதி தொடங்க 24 கிராம் ஓடே போதும். இந்த அளவு மூட்டைக்கு மூட்டை மாறும் என்பது இன்னொரு தலைவலி.

திண்ணை:
கோகோ சரி, ஆனால் மரப்பட்டைக்கு ஏன் இவ்வளவு பயம்? எங்கள் நாய் குச்சி மென்றேதான் வளர்ந்தது. பல் முளைக்கிற வயது, ஆறேழு மாதத்தில் பால்பல் எல்லாம் விழுந்து புதுப்பல் வந்ததும் தானாக அடங்கிவிடும்.

வாலாட்டி:
மெல்வது வேறு, விழுங்குவது வேறு, சகோ. சாதாரண மரப்பட்டையில் பெரிய விஷம் இல்லை, அது உண்மைதான். ஆனால் சில்லு தொண்டையில் சிக்கலாம், சிராய் ஈறில் குத்தலாம், விழுங்கியது குடலில் போய் அடைக்கலாம். லேப்ரடார் துப்புகிற ஜாதியா என்ன! திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்காதது, முக்கியும் மலம் போகாதது, வயிற்றைத் தொட்டால் முனகுவது, இதில் எது வந்தாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வீட்டில் உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைப்பதும் கூடாது. உப்பே நஞ்சாகும், கூரான சில்லு மேலே வரும்போது உணவுக்குழாயைக் கிழிக்கும்.

மண்புழு:
எல்லோரும் மூடாக்கையே பார்க்கிறீர்கள், அதற்கு அடியில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. குட்டி தோண்டுவது பெரும்பாலும் அந்த வாசனைக்குத்தான். எலும்புத்தூள், ரத்தத்தூள் உரம் என்றால் நாய்க்கு விருந்து, நிறையத் தின்றால் எலும்புத்தூள் வயிற்றில் கெட்டியாகத் திரண்டு அடைத்துவிடும். ஆமணக்குப் புண்ணாக்கு அதைவிட மோசம், சரியாகச் சூடாக்கிப் பதப்படுத்தாததில் ரிசின் என்ற கடும் நஞ்சு மிஞ்சியிருக்கும். நத்தைக்கு வைக்கும் மெட்டால்டிஹைடு குருணையும் அப்படித்தான், நாய் உள்ள வீட்டில் அதற்கு இடமே இல்லை. அப்புறம், ஈரத்திலேயே கிடந்து பூஞ்சணம் பிடித்த மூடாக்கை அள்ளி வெளியே போடுங்கள், சில பூஞ்சை நஞ்சுகள் நாய்க்கு உடல் நடுக்கத்தைக் கொண்டுவரும்.

கொத்தமல்லி:
ஐயோ, ரோஜாவுக்கு எலும்புத்தூள் போட்டிருக்கிறேன், அவன் குறிப்பாக அந்தப் பாத்தியையே சுற்றுவதற்குக் காரணம் இப்போதுதான் புரிகிறது. சரி, தென்னை நார்க்கழிவு, சாயம் போட்ட சில்லு, ரப்பர் துண்டு, இதில் எது தேவலை?

மண்புழு:
ரப்பரைத் தள்ளுங்கள், செரிக்காது, மென்றுபார்த்தால் அவனுக்கு இன்னும் பிடித்துவிடும். நார்க்கழிவு விஷமில்லை, ஆனால் காய்ந்ததை விழுங்கினால் தண்ணீர் பட்டு வயிற்றில் உப்பும், அதனால் முழுக்க ஊறவைத்து மண்ணோடு கலந்துவிடுங்கள், மேலே குவியலாக விடாதீர்கள். சாயத்தைவிட அந்த மரம் எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கவலை, பழைய மருந்தடித்த மரத்தை அரைத்துச் சாயம் பூசி விற்கவும் கூடும்.

நான் போடுவது காய்ந்த இலைச்சருகு. துண்டாகச் சிக்காது, மென்றாலும் நொறுங்கிவிடும். ஆனால் என்ன மரத்துச் சருகு என்று பாருங்கள், அரளி இலை காய்ந்த பிறகும் விஷம்தான். அவன் வாய்க்குள் போகாத அளவு பெரிய கூழாங்கல்லும் பரப்பலாம், வெயிலில் சுடும் என்பது மட்டும்தான் குறை. எலும்புத்தூள் போட்ட ரோஜாப் பாத்திக்கு மட்டும் இன்றைக்கே முழங்கால் உயரத்துக்குக் கம்பிவலை கட்டிவிடுங்கள்.

திண்ணை:
முழங்கால் உயரமா? லேப்ரடார் தாண்டிவிடும். இடுப்பு உயரம் கட்டுங்கள், வலையின் அடிப்பக்கத்தை மண்ணில் கொஞ்சம் புதைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கீழே தோண்டிக்கொண்டு உள்ளே போய்விடுவான்.