1 முதல் 5 வரையிலான பதில்களுக்குச் சராசரி போடலாமா, கூடாதா?

அரைகுறை_ஆய்வாளன்:
ஆய்வேட்டுக்காக 120 பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து வாங்கியிருக்கிறேன். இரத்த வகைக்கு 1, 2, 3, 4 என்று எண் போட்டிருந்தேன், மென்பொருள் அதற்கும் சேர்த்துச் சராசரி 2.3 என்று துப்பிவிட்டது, அது அபத்தம் என்று எனக்கே தெரிகிறது, அங்கே முகடு, அதாவது அதிகம் பேரிடம் இருக்கும் வகை எது என்பது, போதும். குழப்பம் திருப்திக் கேள்வியில்தான். பதில் 1 முதல் 5 வரை. வழிகாட்டி, சராசரி வேண்டாம் இடைநிலை (பதில்களை வரிசைப்படுத்தினால் நட்டநடுவில் நிற்பது) போடு என்கிறார். நான் படித்த கட்டுரைகளிலோ 3.4, 3.7 என்று சராசரியாகவே இருக்கிறது. எது சரி?

நடு_எண்:
கறாராகப் பார்த்தால் வழிகாட்டி சொல்வதுதான். 1946இல் உளவியலாளர் ஸ்டீவன்ஸ் பெயர், வரிசை, இடைவெளி, விகிதம் என்று அளவைகளை நாலாகப் பிரித்தாரே, உங்கள் கேள்வி இரண்டாவது வகை, வரிசை. 4 என்பது 3ஐவிட மேல், எவ்வளவு மேல் என்று யாருக்கும் தெரியாது. ஒரு குழுவில் மூன்று பேரும் 3, இன்னொன்றில் 2, 2, 4 என்று வையுங்கள். சராசரி 3, 2.67, அதாவது முதல் குழு மேல். இப்போது வரிசை கெடாமல் 4ஐ 10 என்றும் 5ஐ 11 என்றும் குறித்தால் இரண்டாம் குழு 4.67 ஆகி முந்திவிடும்! இடைநிலை அப்போதும் 3, 2தான்.

பழைய_பாவி:
அதெல்லாம் சரி, ஆனால் ஐந்து புள்ளியில் இடைநிலை ரொம்ப மொட்டையானது, பத்துக் கேள்வி கேட்டால் பத்துக்கும் 4 என்று வந்து நிற்கும். ஒரே விஷயத்தைப் பற்றிய பல கேள்விகளைக் கூட்டி மதிப்பெண் ஆக்கியிருந்தால் சராசரியைப் பலரும் ஏற்பார்கள். ஒற்றைக் கேள்வி என்றால் எத்தனை சதவீதம் பேர் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அட்டவணையாகவே கொடுத்துவிடுங்கள். பாதிப் பேர் 1, பாதிப் பேர் 5 போட்டால் சராசரியும் 3, இடைநிலையும் 3, ஆனால் 3 போட்டவர் ஒருவர்கூட இல்லை.

அரைகுறை_ஆய்வாளன்:
அட்டவணை நல்ல யோசனை. அப்புறம், வருமானமும் கேட்டிருக்கிறேன். அது உண்மையான பூஜ்யத்திலிருந்து எண்ணும் விகித அளவைதானே, சராசரி தாராளமாகப் போடலாம் இல்லையா?

நடு_எண்:
போடத் தடையில்லை, ஆனால் ஒன்பது பேர் 20, ஒருவர் மட்டும் 500 என்றால் சராசரி 68 வரும், அது அந்தப் பத்துப் பேரில் யாருடைய வருமானமும் இல்லை. இடைநிலை 20. ஆமாம், தொகையாகக் கேட்டீர்களா, இல்லை 'இவ்வளவு முதல் இவ்வளவு வரை' என்று கட்டம் கட்டமாகவா?

அரைகுறை_ஆய்வாளன்:
கட்டமாகத்தான். கடைசிக் கட்டத்தில் 'அதற்கு மேல்' என்று விட்டிருக்கிறேன்...

நடு_எண்:
போச்சு. கட்டங்களை வைத்துச் சராசரி போட ஒவ்வொன்றின் நடுப்புள்ளியும் வேண்டும், மேல் எல்லை இல்லாத கட்டத்துக்கு நடுப்புள்ளி ஏது? பாதிப் பேருக்கு மேல் அதில் விழாதவரை இடைநிலையைக் கண்டுபிடித்துவிடலாம், அதையே போடுங்கள்.