உயர்தரத்துக்குப் பின் காத்திருக்கும் காலத்தில் இலவச இணையப் பாடநெறிகள் பயன்தருமா?

வெள்ளவத்தை வாசகி:
வணக்கம். என் தம்பி தமிழ்மூலத்தில் கணிதப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கிறான். அந்த இடைவெளியில் நிரலாக்கம் கற்கலாமென்று ஏழு இலவசப் பாடநெறிகளில் பதிந்தான்; இரண்டாம் வாரத்தைத் தாண்டியது ஒன்றேனும் இல்லை. தனியார் வகுப்புகளின் டிப்ளோமாக் கட்டணம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. இலவசமாகக் கற்றதை வேலை தருவோர் மதிப்பார்களா? ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளைக்கு எது பொருந்தும்?

தெஹிவளை மென்பொருளாளர்:
முதலில் ஆறு பாடநெறிகளிலிருந்து விலகச் சொல்லுங்கள், சகோதரி. 2011இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் நடத்திய செயற்கை நுண்ணறிவுப் பாடநெறியில் ஏறத்தாழ 1,60,000 பேர் பதிந்தும், முடித்தவர்கள் 23,000 அளவில்தான். ஆகவே தம்பியைச் சோம்பேறி என்று எண்ண வேண்டாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இலவச நிரலாக்கப் பாடநெறிகளில் ஒன்றையோ, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் அறிமுகப் பாடநெறியான சிஎஸ்50ஐயோ மட்டும் தொடரட்டும். பின்னதில் எல்லாப் பயிற்சிகளையும் முடித்தால் ஹார்வர்ட் கட்டணமின்றியே சான்றிதழ் தருகிறது, எடெக்ஸ் என்ற இணையக் கல்வித் தளம் வழங்கும் சரிபார்த்த சான்றிதழுக்குத்தான் பணம். நேர்முகத் தேர்வில் நானோ சான்றிதழை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவரே எழுதிய நிரலைத் திறந்து, இந்த வரி எதற்காக என்றுதான் கேட்பேன்.

கொட்டாஞ்சேனை ஓய்வுபெற்ற ஆசிரியர்:
மொழியைப் பற்றிய கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை. இந்தியாவின் ஐஐடி முதலிய உயர்கல்வி நிறுவனங்கள் நடத்தும் என்பிடெல் என்ற இணையத் திட்டத்தின் விரிவுரைகள் பலவற்றுக்குத் தமிழில் எழுத்துவடிவம் உண்டு. ஆனால் கலைச்சொற்களில் நம் பிள்ளைகள் இடறுவார்கள். நாம் கதி என்பதைத் தமிழ்நாட்டில் வேகம் என்பார்கள், நாம் வேகம் என்பது அவர்களுக்குத் திசைவேகம். இதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டால் பௌதிகத்தில் கெட்டிக்காரனும் குழம்புவான். என்பிடெல் சான்றிதழுக்கோ கட்டணம் செலுத்தி இந்தியத் தேர்வு நிலையமொன்றில் நேரில் எழுத வேண்டும்.

இலவசம் வேறு, திறந்த கல்வி வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். பல தளங்களில் பார்க்கத்தான் முடியும். 2001இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் அறிவித்த திறந்த பாடத்திட்டத்திலோ, வணிக நோக்கமின்றி, மூலத்தைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தின்கீழ் மொழிபெயர்த்துப் பகிரவும் இடமுண்டு. பதிவும் வேண்டாம், சான்றிதழும் இல்லை. அந்த உரிமத்தை நம்பியே நானும் பழைய மாணவர் நால்வரும் சில பாடங்களை இலங்கைக் கலைச்சொற்களில் எழுதி வருகிறோம். வேலை மெதுவானது, ஒரு சொல்லுக்காக ஒரு மாலைப் பொழுதே கழிந்ததுண்டு. தம்பியும் சேர்ந்தால், மொழிபெயர்க்கும் அவசியத்துக்காகவேனும் பாடத்தை இறுதிவரை படிக்க வேண்டியிருக்கும்.

வெள்ளவத்தை வாசகி:
இருவருக்கும் நன்றி. ஆறிலிருந்து நேற்றிரவே விலகிவிட்டான். அவனிடம் இருப்பது ஒரு கைத்தொலைபேசி மட்டும், டேட்டாவும் மாதக் கடைசியில் தீர்ந்துவிடும்.

தெஹிவளை மென்பொருளாளர்:
எம்ஐடி காணொளிகளைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு இணைப்பின்றியும் பார்க்கலாம். ஆயினும் நிரல் எழுதக் கணினி தேவை. வாரத்தில் இரு நாள்களேனும் ஒரு நண்பரின் கணினியில் அமர வழி பாருங்கள்.

வெள்ளவத்தை வாசகி:
மாமா மகனிடம் கேட்கிறேன். ஆசிரியர் ஐயா, உங்கள் குழு எந்த நாளில் கூடுகிறது?