கொச்சி போகும் வழியில் பழைய வீடியோ கேம் மெஷின் எங்காவது இருக்கிறதா?

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் கொழிஞ்சாம்பாறை. வருகிற சனிக்கிழமை பையனோடு காரில் கொச்சி கிளம்புகிறோம்: பாலக்காடு, வடக்கஞ்சேரி, குதிரான் சுரங்கம், திருச்சூர் வழியாக இடப்பள்ளி.

அவனுக்கு இப்போது பேக்மேன் பைத்தியம். 1980-இல் வந்த விளையாட்டு, என்னைவிட மூத்தது! 256-ஆவது கட்டத்தில் பாதித் திரை குழம்பிப்போகும் என்று எங்கோ படித்துவிட்டு வந்தான். கட்ட எண்ணை எட்டு பிட்டில் வைத்ததால் 255-க்கு மேல் கணக்குத் தப்பிவிடுமாம். அதை நிஜ மெஷினில் பார்க்க வேண்டுமாம். அதுவரை போக அவனால் முடியாது, அது வேறு கதை.

மால்களில் இருப்பவை பெரும்பாலும் டிக்கெட் கக்கும் மெஷின்கள்தான். எனக்கு வேண்டியது நின்றுகொண்டே ஜாய்ஸ்டிக்கைத் திருகி ஆடும் பழைய பெட்டி. ஸ்ட்ரீட் ஃபைட்டர் இருந்தாலும் சரி, அதில் அவனை நான் ஜெயித்துவிடுவேன்.

இந்த வழியில் யாராவது சமீபத்தில் பார்த்தீர்களா? அப்புறம், கேம் சென்டரில் பணம் ஏற்றி வாங்கும் கார்டில் மிச்சப் பணம் இருந்தால் திருப்பித் தருவார்களா? போன வருடம் ஓரிடத்தில் 180 ரூபாய் அப்படியே போச்சு. அண்ணன்மார், அக்காமார் யாராவது சொல்லுங்கள்.